தெளிவான பிரதி

"அவர் உள்ளே இருக்கிறார்" என்று கோயமுத்தூரில் சொன்னால் முன்பெல்லாம் ஜெயில் என்று அர்த்தம். இப்போது மறுவாசல். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் மனுப் போட வேண்டும், வாரத்தில் ஒரு நாள்தான் பார்க்க விடுவார்கள், வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக முடியாது.

நான் சரவணம்பட்டி மறுவாசலில் இடம் பார்க்கிறவன். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் என் மாமா இப்படிச் சொல்லிவைக்க, அவர்கள் ரியல் எஸ்டேட் என்று நினைத்துக்கொண்டு காபியோடு மிக்சரும் வைத்தார்கள். நான் பார்ப்பது டிஸ்க்கில் இடம். விஷயம் தெரிந்ததும் சம்பந்தம் நின்றுபோனது. போகட்டும்.

மறுவாசலைப் பற்றித் தெரியாதவர்கள் இப்போது யாரும் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சாவதற்கு முன்பு ஒருவருடைய மூளையைப் படியெடுத்து வைத்துக்கொள்கிறோம். செத்த பிறகு அந்தப் படியை ஒரு மெய்நிகர் எந்திரமாக ஓட்டுகிறோம். நிஜத்தில் இருப்பது ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதற்குள் நூறு பேர் ஆளுக்கொரு கம்ப்யூட்டராக, ஒருவரை ஒருவர் தெரியாமல், ஓடிக்கொண்டிருப்பார்கள். பேசும் அறையில் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தால் எதிர்ச்சுவரில் முகம் தெரியும். பேசலாம், சண்டை போடலாம். தொட முடியாது.

டிஸ்க் என்றைக்காவது செத்துப்போகும். அது செத்தால் அதில் இருப்பவர் இரண்டாவது முறை சாவார். அதனால் ஒவ்வொருவருக்கும் பேக்கப் எடுக்க வேண்டும். பேக்கப்புக்கு இன்னொரு மடங்கு இடம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து டிஸ்க் வருவது நின்று வருஷக்கணக்காகிறது. சாகிறவர்கள் நிற்கவில்லை.

அப்போதுதான் அரசாங்கம் "ஒருவருக்கு ஒருவர்" என்று சட்டம் போட்டது. உயிரோடு இருக்கும் ஒருவர், செத்துப்போன ஒருவருக்கு மட்டும்தான் துணை நிற்கலாம். துணை இருந்தால் ஓடலாம். துணை இல்லாதவர்களை ஓட்டாமல், பேக்கப் பிரதியாக மட்டும் தூங்க வைத்திருந்தோம். அம்மாவா, மாமியாரா என்று எங்கள் வரவேற்பறையில் புருஷனும் பெண்டாட்டியும் கட்டிப் புரண்டதை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணம் ஆகாததற்கு அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன்.

வர்ஷினி அக்கா என் அறைக்கு வந்தது ஒரு கார்த்திகை மாதச் செவ்வாய்க்கிழமை. அவர் பிறந்த காலத்தில் தெருவுக்கு நாலு வர்ஷினி இருந்திருப்பார்கள். இவர் சிங்காநல்லூரில் மோட்டார் பம்புப் பட்டறை நடத்துகிறார். புருஷன் கவின் ஆரம்பித்த பட்டறை. கவின் போன வருஷம் மாரடைப்பில் இறந்து உள்ளே வந்தார். அக்காதான் துணை. செவ்வாய் தவறினாலும் அக்கா வருவது தவறாது.

"தம்பி, ஒரு சங்கதி சொல்லணுங்க. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியலை" என்றார்.

"சொல்லுங்கக்கா."

"எங்க வீட்டுக்காரரு இப்பெல்லாம் ரொம்ப நல்லாப் பேசறாருங்க. அதான் பயமா இருக்குது."

எனக்கு வரும் புகாரெல்லாம் நேர் எதிராக இருக்கும். அப்பா பேசமாட்டேன் என்கிறார், மாமனார் கெட்ட வார்த்தை பேசுகிறார், அத்தை பழைய நகையைப் பற்றியே கேட்கிறாள். நல்லாப் பேசுகிறார் என்று யாரும் படியேறி வந்ததில்லை.

"அவரு எப்படிப்பட்ட ஆளுன்னு உங்களுக்குத் தெரியாது" என்றார் அக்கா. "தங்கமான மனுசன். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. ஆனா என்னைக் கண்ணெடுத்துப் பாத்ததில்லை. புதுச்சேலை கட்டிட்டு எதுக்க நின்னா, கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேப்பாரு. இடுப்பு வரைக்கும் இருந்த முடியத் தோளோட வெட்டிட்டு வந்தேன். மாசம் ஒண்ணு கழிச்சு, 'என்ன, தலைவலியா?'ன்னாரு."

சிரித்தேன். அக்காவும் சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார்.

"ஐப்பசி மழைக்கு அப்புறம் ஆளே மாறிட்டாருங்க. எங்க கல்யாணத்தைப் பத்திச் சொல்றாரு. தாலி ஏறறப்ப நான் கண்ணை மூடிட்டனாமா. அப்புறம் தொறந்து, மண்டபத்துக் கூரையில இருந்த குருவியப் பாத்தனாமா. பாத்துச் சிரிப்பு வந்து உதட்டைக் கடிச்சுக்கிட்டனாமா. அத்தனையும் நெசம் தம்பி. குருவி இருந்துச்சு. ஆனா தாலி கட்டறவன் முடிச்சைத்தானுங்களே பாப்பான்? என் பக்கத்துல நின்னுட்டு, என் மூஞ்சிய எதுக்க இருந்து எப்படிப் பாத்தாரு?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐப்பசி மழையில் எங்கள் கட்டிடத்தில் இடி விழுந்து ஓர் அடுக்கு டிஸ்க் மொத்தமும் கருகிப்போனது. அதில் கவினும் இருந்தார். அவர்கள் எல்லோரையும் பேக்கப்பிலிருந்துதான் மீட்டோம். மீட்டவர் சரியாக இருக்கிறாரா என்று பார்க்க எங்களிடம் மூன்று கேள்விகள் உண்டு. பேர், ஊர், குலசாமி. குலசாமி பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் ஆள் அவர்தான் என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். கொங்கு நாட்டில் மனிதன் எதை மறந்தாலும் குலசாமியை மறக்கமாட்டான் என்று எங்கள் மேனேஜர் தன்ஷிகா மேடத்துக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அன்றைக்கு மீட்டவர்கள் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். நாங்களும் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

"அக்கா, உங்க குடும்பக் குரூப்ல கோயில் படம் ஒண்ணு வருதுன்னு வெச்சுக்கங்க" என்று ஆரம்பித்தேன். "அம்பது பேர் போன்லயும் அதே படம். அம்பது போன்லயும் எடம் அடைக்குது. எல்லாருக்கும் பொதுவா ஒரே ஒரு படத்தை வெச்சுட்டு, மத்தவங்க போன்ல 'அந்தப் படத்தைப் பாத்துக்க'ன்னு ஒரு குறிப்பு மட்டும் வெச்சா எவ்வளவு எடம் மிச்சம்?"

"நல்ல ரோசனைதானுங்களே."

"பேக்கப்ல அதைத்தான் பண்ணினோம். ஆனா மனுச ஞாபகம் ரெண்டு பேருக்கு அச்சு அசலா ஒண்ணா இருக்காதில்லீங்களா? எடம் மிச்சமே ஆகலை. அதனால, ஏறக்குறைய ஒண்ணா இருந்தாப் போதும்னு மாத்திட்டாங்க. ஒரே எடம், ஒரே நாள், ஒரே ஆளுங்கன்னா ஒரே ஞாபகம்னு எடுத்துக்கும். ரெண்டுல எது தெளிவா இருக்குதோ அதை வெச்சுட்டு, மங்கலா இருக்கறதை அழிச்சிடும்."

அக்கா பட்டறை நடத்துகிறவர், விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எங்க கல்யாணத்துல என்னை அவரைவிடத் தெளிவாப் பாத்தவரு ஒருத்தரு இருக்காரு. அவரும் இங்கதான் உள்ள இருக்காரு."

"ஆமாங்கக்கா."

"யாரு தம்பி?"

சொல்லக் கூடாது என்பது சட்டம். ஒருவர் நினைவின் எந்தத் துண்டு யாரிடமிருந்து வந்தது என்பதை வெளியே விடுவது வேலை போகிற குற்றம். நான் திரையைப் பார்த்தேன். கல்யாணத்தன்று எடுத்த துண்டுகள் மட்டும் இல்லை. தீபாவளி, பட்டறை பூஜை, மருதமலைப் படிக்கட்டு, சமையலறை வாசலில் நின்று வர்ஷினி அக்கா சோறு போடுவது, தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்து நின்ற நாள். கவின் தலைக்குள் அக்காவின் முகம் தெரிகிற துண்டுகளில் முக்கால்வாசி ஒரே ஆளிடமிருந்து வந்திருந்தது. இதை மூடி வைத்துவிட்டு அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"மிதுன்னு ஒருத்தருங்க. சூலூர்."

"மிதுன் அண்ணாவா?" என்றார் அக்கா.

மிதுன், கவினின் சிநேகிதர், பட்டறையில் பங்குதாரர். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கவின் பெண் பார்க்க வந்தபோது கூட வந்தவர் அவர்தான். கவின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம், அக்கா நீட்டிய காபியை வாங்கி நண்பன் கையில் கொடுத்தது மிதுனாம். புருஷனுடைய சிநேகிதன் என்றால் நம் ஊரில் பெண்ணுக்கு அண்ணன், அதில் கேள்வியே கிடையாது. முதல் நாளிலிருந்து அக்காவுக்கு அவர் மிதுன் அண்ணா.

"மத்தியானச் சாப்பாடு இருவத்தேழு வருசமும் எங்க வீட்லதானுங்க. நான் அண்ணா அண்ணான்னு கூப்பிடுவேன். அவரு என்னை ஒரு நாளும் தங்கச்சின்னு கூப்பிட்டதில்லை. பேரும் சொன்னதில்லை. 'ஏங்க'ம்பாரு, இல்லைன்னா கவின்கிட்டச் சொல்லிச் சொல்லச் சொல்வாரு. கூச்ச சுபாவம்னு நெனச்சுட்டு இருந்தேன்."

மிதுன் கவினுக்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்கு வேறு ஆள் இல்லாததால் கவினே துணை நின்றார். உயிரோடு இருந்தவரை செவ்வாய்க்கிழமைதோறும் இங்கே வந்து சிநேகிதனோடு பம்பு விலையும் கிரிக்கெட்டும் பேசிவிட்டுப் போவார். கவின் செத்த அன்றே மிதுனுக்குத் துணை போய்விட்டது. அவரைத் தூங்க வைத்துவிட்டோம். அன்றிலிருந்து அவர் ஒரு பேக்கப் பிரதி, அவ்வளவுதான்.

"எதையும் சரி பண்ணிராதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போனார். பேசும் அறைப் பக்கம் போகாமல் நேராக வாசலுக்குப் போய்விட்டார். கவின் அன்றைக்கு வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரமே மேலிடத்து உத்தரவு வந்தது. இடம் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது, தை பிறந்தால் துணை இல்லாத யாரும் பேக்கப்பில்கூட இருக்கக் கூடாது. தூங்குகிறவர்களை எல்லாம் அழித்துவிட வேண்டும். தன்ஷிகா மேடம் அதைப் படித்துக் காட்டும்போது தண்ணீர் குடித்துக்குடித்துப் படித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வைத்திருக்க ஆசை இருந்தாலும் வைக்க இடம் வேண்டுமே.

அழிப்பதற்கு முன்பு ஆளை ஒரு தரம் எழுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. மூன்று கேள்வி கேட்டு, கடைசியாக ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்க வேண்டும். கடைசி என்று மட்டும் அவரிடம் சொல்லக் கூடாது. வெளியே யார் செத்தார்கள் என்பதையும் உள்ளே இருப்பவர்களிடம் சொல்லக் கூடாது. முன்பு சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். கேட்டவர்கள் அந்த ஒரு இடத்திலேயே நின்றுபோய்ச் சுற்ற ஆரம்பித்தார்கள், மீட்கவே முடியவில்லை.

மிதுனை நான்தான் எழுப்பினேன். ஒல்லியான முகம். நரைத்த மீசை ஒழுங்காகக் கத்தரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். அப்படிப்பட்ட மரியாதை.

"பேரு?"

"மிதுனுங்க."

"ஊரு?"

"சூலூருங்க."

"குலசாமி?"

"அண்ணமாருங்க."

"ஏதாவது சொல்லணுங்களா?"

அவர் தயங்கினார். "சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. கேக்கறதுக்கு ஒண்ணு இருக்குது. எனக்கு ஒரு ஞாபகம் எசகுபிசகாக் கெடக்குதுங்க. ஒரு கல்யாணம். கூட்டத்துல நான் நிக்கறேன். என் மூஞ்சி எனக்கே தெரியுது. மணவறைல இருந்து பாத்தாத்தானுங்க அப்படித் தெரியும். அழுதுட்டு நிக்கறேன். அன்னிக்கு நான் அழுதது யாருக்கும் தெரியாதுன்னே இத்தனை வருசமும் நெனச்சுட்டு இருந்தனுங்க. இப்பப் பாத்தா, யாரோ பாத்திருக்காங்களாட்ட இருக்குது."

அந்தக் கல்யாணத்தில் கவினும் ஒன்றை மிதுனைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறார். மணப்பெண்ணைப் பார்க்கவில்லை, சிநேகிதனைப் பார்த்திருக்கிறார்.

"ஓமப் பொகையா இருக்குமுங்க" என்றேன்.

"ஆமாமுங்க, பொகைதான்" என்று மிதுன் உடனே ஒத்துக்கொண்டார். அத்தனை சீக்கிரம் ஒத்துக்கொண்டதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வர்ஷினி அக்காவுக்கு நானே போன் செய்து வரச் சொன்னேன். தையில் மிதுனை அழிக்கப்போவதைச் சொன்னேன். அவர் தன் முகத்தைத் தானே பார்த்த கதையையும் சொன்னேன். அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"மிதுன் அண்ணா போயிட்டா, அவரு பாத்ததெல்லாமும் போயிருமா?"

"போகாதுங்கக்கா. ஒரு துண்டை ரெண்டு பேர் புடிச்சுட்டு இருந்தா, ஒருத்தர் போனாலும் இன்னொருத்தருக்காக அது நிக்கும். உங்களை அவர் பாத்ததெல்லாம் கவின் அண்ணனுக்குள்ள இருக்கும்."

"பாத்தது இருக்கும். பாத்தவரு இருக்கமாட்டாரு."

"ஆமாங்கக்கா."

"அவருக்கு நான் துணை நிக்க முடியுமா?"

"கவின் அண்ணனை விட்டாத்தானுங்க முடியும். வீட்ல வேற யாராச்சும்..."

"புள்ளை இல்லை. கொழுந்தனார் பேருல மாமியார் இருக்காங்க. ஓரகத்தி பேருல அவங்கப்பா." அவர் என் முகத்தைப் பார்த்தார். வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் கேட்டது எனக்குப் புரிந்தது.

"என் பேருல என் தங்கச்சி இருக்குதுங்கக்கா" என்றேன். அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவ்வளவு வெட்கமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை. என் தங்கையை விட்டுவிட்டு ஒரு ஊர்பேர் தெரியாதவரை வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் வெட்கமாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரருகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். "நீங்களும் வந்து உக்காருங்க. எனக்குத் தெம்பு பத்தாது."

பேசும் அறைக்குப் போனோம். சுவரில் கவின் வந்தார். அகலமான முகம், தாடையில் பட்டறைத் தீக்காயம் ஒன்று. மனைவியைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்தது. புதுமாப்பிள்ளைகூட அப்படிப் பார்க்கமாட்டான்.

"போன வாரம் வரலை. உடம்பு சரியில்லையா வர்ஷி? கண்ணுக்குக் கீழ கறுத்துக் கெடக்குது. ராவெல்லாம் தூங்கலையா?"

அக்கா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். இப்படி ஒரு பார்வைக்காகத்தான் வாழ்நாள் முழுக்க ஏங்கியிருக்கிறார், அது இப்போது எதிர்ச்சுவரில் இருக்கிறது, வேறு ஒருவர் கண்ணால் வந்திருக்கிறது. கண்ணைத் திறந்துகொண்டு கேட்டார்.

"ஏங்க, நம்ம கல்யாணத்துல மிதுன் அண்ணா அழுதாருங்களா?"

கவினின் முகத்தில் இருந்த மலர்ச்சி அப்படியே நின்றது. என் பக்கம் பார்த்தார். திரும்பவும் மனைவியைப் பார்த்தார்.

"அழுதான்" என்றார்.

"நீங்க பாத்தீங்களா?"

"கையில தாலிய வெச்சுட்டு நிமிந்தேன். மூணாவது வரிசையில நின்னுட்டிருந்தான். அழுதுட்டு, உன்னையே பாத்துட்டு இருந்தான். அப்பப் புரிஞ்சுது. தாலிய எங்கயும் வைக்க முடியலை, கட்டிட்டேன்."

"இத்தனை வருசமா ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

கவின் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொன்னா நீ அவனைப் பாத்திருப்ப" என்றார்.

"பாத்திருந்தாலும் உங்ககூடத்தானுங்க இருந்திருப்பேன்."

"அது எனக்குத் தெரியாதில்ல?" என்றார் கவின். "பட்டறைய விட்டு அவனை அனுப்பவும் மனசு வரலை. அவனுக்கு வேற யாரு இருக்கா? சோத்துக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வருவேன். அவன் உக்காந்திருக்கறப்ப உன்னைப் பாக்க எனக்குத் தைரியம் இருக்காது. அவன் பாக்கறதை நானும் பாத்துருவனோன்னு தலையக் குனிஞ்சுட்டே தின்னுட்டு எந்திரிப்பேன். அப்புறம் அதுவே பழக்கமாயிருச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, அவரே சிரித்தார். "ஆனா இப்பக் கண்ணை மூடினா நீதான் வர்ஷி தெரியற. சமையக்கட்டு வாசல்ல, மருதமலைப் படியில, முடிய வெட்டிட்டு வந்து நின்னியே அன்னிக்கு. எல்லாமே அப்படியே இருக்குது. நான் பாக்காமயா இருந்திருக்கேன்? செத்த பொறகுதான் எனக்கே தெரியுது."

நான் தரையைப் பார்த்தேன். அக்கா உண்மையைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை போதும், அந்த மனிதரிடம் மிச்சம் இருப்பது எல்லாம் போய்விடும்.

"பாத்திருக்கீங்க" என்றார் அக்கா. "நல்லாவே பாத்திருக்கீங்க. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

அதற்குப் பிறகு அரைமணி நேரம் பட்டறையைப் பற்றிப் பேசினார்கள். செம்புக் கம்பி விலை ஏறிப்போனது, பழைய வைண்டிங் மிஷினை விற்கலாமா வேண்டாமா. கவின் விற்க வேண்டாம் என்றார். அக்கா சரி என்றார். எழுந்திருக்கும்போது சுவரில் அவர் கன்னம் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். வெளியே வந்து நேராக என் அறையில் வந்து உட்கார்ந்தார்.

"மிதுன் பேரைப் போட்டுக்கங்க தம்பி."

எனக்குப் பதறியது. "அக்கா, அவசரப்படாதீங்க. கவின் அண்ணன் ஓடிட்டு இருக்கறவரு. உங்க வீட்டுக்காரரு. மிதுன் தூங்கறவரு, அவருக்கு ஒண்ணும் தெரியாது, வலிக்காது."

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏன்?"

அக்கா அழவில்லை.

"யாருமே நம்மளைப் பாக்கலையேன்னு கண்ணாடி முன்னால நின்னு அழுதிருக்கேன் தம்பி. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை. பத்தடி தள்ளி ஒருத்தரு உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்திருக்காரு. நான் அவரு எலையில சோத்தைப் போட்டுட்டு, அவரு மூஞ்சியப் பாக்காமத் திரும்பிருவேன். சாம்பார் எப்படின்னுகூடக் கேட்டதில்லை. அவருக்குக் கவின்கூடக் கணக்கு நேராயிருச்சு. பாவம், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விட்டதேயில்லை. எங்கூடத்தான் நேராகலை." மூச்சு வாங்கிக்கொண்டார். "கவின்கூட நான் வாழ்ந்துட்டேன். நல்லதோ கெட்டதோ, வாழ்ந்துட்டேன். இன்னிக்கு அவரு சிரிச்சுட்டு உக்காந்திருக்காரு. அவருக்கு நான் குடுக்க முடியற நல்லது இதுதான். இந்தச் சிரிப்போட போகட்டும். இன்னும் நாளானா, நானே ஒரு கோவத்துல சொல்லிருவேன், அது உங்க பார்வை இல்லைன்னு."

"மிதுன்கிட்ட உங்களுக்கு என்னங்கக்கா வேணும்?"

"ஒரே ஒரு தரம் என்னை நேராப் பாக்கட்டும். நான் பாத்துட்டு இருக்கறப்ப."

மூன்று நாள் கழித்துக் கையெழுத்தானது. கவினை நிறுத்தியது நான்தான். நிறுத்துவது என்றால் ஒரு பொத்தான்தான், அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் எனக்கு யாரும் இல்லை. ஆனாலும் எல்லாம் முடியும்வரை திரையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருடைய துண்டுகளை எந்திரம் ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே போனது. கல்யாண மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் அழுதுகொண்டு நிற்கும் முகம் மட்டும் அழியவில்லை. அதை மிதுன் பிடித்துக்கொண்டிருந்தார்.

வந்த செவ்வாய்க்கிழமை வர்ஷினி அக்கா பச்சைப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். தலையில் பூ. வரவேற்பறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் கண்டுகொள்ளவில்லை. பேசும் அறையில் நாற்காலியைச் சுவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் மிதுனை எழுப்பினேன்.

சுவரில் மிதுன் வந்தார். எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிந்ததும் விருட்டென்று எழுந்து நின்றார். தலையைக் குனிந்துகொண்டார். கை இரண்டும் எங்கே போவதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் தேடின.

"வாங்க" என்றார் தரையைப் பார்த்து.

"உக்காருங்க" என்றார் அக்கா.

உட்கார்ந்தார். நிமிரவில்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மிதுன் அக்காவுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார், உடனே திரும்பவும் தரையைப் பார்த்தார்.

"கவின் வரலீங்களா?" என்று கேட்டார். "செவ்வாக்கிழமையாச்சே. வராம இருக்கமாட்டானே."

சொல்லக் கூடாது. சொன்னால் மிதுன் அந்த இடத்திலேயே நின்றுபோவார். அக்காவிடமும் அதை முன்பே சொல்லிவைத்திருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"வருவாருங்க" என்றார்.

"அப்ப வந்துரட்டுங்க" என்றார் மிதுன். குரலில் அப்படி ஒரு நிம்மதி. "அவன் வந்த பொறகு பேசலாம். அவன் இல்லாம என்னங்க பேசறது?"

அதற்குப் பிறகு எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் வந்துவிட்டன. மிதுன் இன்னும் நிமிரவில்லை. நிமிரச் சொல்லி அக்கா கேட்கவும் இல்லை. வாரம் தவறாமல் பூ வைத்துக்கொண்டு வந்து எதிரே உட்காருகிறார். அவர் தரையைப் பார்க்கிறார், இவர் அவரைப் பார்க்கிறார். நேரம் முடிந்து நான் விளக்கை அணைக்கும்வரை இருவரும் கவினுக்காகக் காத்திருக்கிறார்கள்.